போனில் இல்லாத பாட்டா, சேர்?



எங்கள் தரம் 10 பிள்ளைகள் செய்த பாட்டுப் பெட்டியின் படத்தை இங்கே போட்டதிலிருந்து ஒரே கேள்விதான். கமெண்டில் கேட்டார்கள், இன்பொக்ஸில் கேட்டார்கள், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும்போதும் பிடித்துக் கேட்டார்கள். "போனில இல்லாத பாட்டா சேர்? இதுக்குப் போய் புள்ளயள வயர் சுத்த வெக்கிறீங்களே." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாது. நீளமாகத்தான் எழுதப் போகிறேன். நேரமில்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி அளவு. திரை கிடையாது, இணையம் கிடையாது. படம் ஒட்டிய ஓர் அட்டையை அதன் மேல் வைத்தால் அந்த அட்டைக்குரிய பாட்டோ கதையோ சூறாவோ ஒலிக்கும். முடிந்ததும் நின்றுவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரிய வேண்டாம், கடவுச்சொல் தெரிய வேண்டாம், உம்மாவைக் கூப்பிடவும் வேண்டாம்.

"நின்றுவிடும்" என்று எழுதினேன் பாருங்கள், என் சண்டை முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

போனில் எல்லாப் பாட்டும் இருக்கிறது, உண்மை. ஆனால் போனில் ஒரு பாட்டு முடிவதில்லை. யூடியூபில் ஒரு பூனைப் பாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சோறு வடிக்கப் போகிறீர்கள். திரும்பி வரும்போது பூனைப் பாட்டு இருக்காது. அதற்குப் பின்னால் ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று தானாக ஓடி, எந்த மொழியென்றே தெரியாத, யாரோ முட்டைக்குள்ளிருந்து பொம்மையை எடுக்கிற வீடியோவில் பிள்ளை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். அதை அந்தப் பிள்ளை தெரிவு செய்ததா? நீங்கள் தெரிவு செய்தீர்களா? இரண்டு பேரும் இல்லை. எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கலாம் என்று கணக்குப் பார்க்கிற ஒரு நிரல் தெரிவு செய்தது. விளம்பரம் விற்கிறவனுக்கு அது தொழில். உங்கள் பிள்ளைக்கு அதில் என்ன பங்கு?

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை முன்னால் உட்காரும் நேரம் வேண்டவே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. இதைச் சொன்னால், "சேர், கொரோனா நேரம் நீங்கதானே போன் வாங்கிக் குடுக்கச் சொன்னீங்க" என்கிறார்கள். சொன்னோம். 2020 மார்ச்சில் பாடசாலை மூடிய பிறகு வேறு வழியில்லாமல் வட்ஸ்அப்பில் பயிற்சித்தாள் அனுப்பினோம். அது தரம் 6க்கும் தரம் 10க்கும். பால் போத்தல் பிடிக்கிற தம்பிக்கும் தங்கச்சிக்கும் நாங்கள் ஒரு குரூப்பும் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த போன் மூத்த பிள்ளையின் கையிலிருந்து இளைய பிள்ளையின் கைக்குத் தானாக நழுவியது. பாடசாலை திறந்தது, போன் திரும்பி வரவில்லை.

நான் போனுக்கு எதிரி இல்லை. இந்தப் பதிவையும் போனில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். சொல்வது இவ்வளவுதான்: பாட்டுக் கேட்பதும் போன் பார்ப்பதும் வேறு வேறு வேலை. பாட்டுக் கேட்கிற பிள்ளை ஆடும், கூடப் பாடும், கட்டையை அடுக்கும், பாதியில் எழுந்து கோழி துரத்தப் போகும். காது மட்டும்தான் அங்கே மாட்டியிருக்கிறது, கையும் காலும் சும்மா இருக்கின்றன. திரை பார்க்கிற பிள்ளையைக் கவனியுங்கள், கண் இமைப்பதே குறைந்துவிடும். வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்து உட்கார்ந்திருக்கும். அதைத்தான் நாம் "புள்ள குழப்படி இல்ல" என்று பெருமையாகச் சொல்கிறோம்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். "எங்களுக்கு ஏலாது, நீங்க டெக்னோலஜி சேர்" என்று ஒதுங்குகிறவர்களுக்காக மிக எளிதானதிலிருந்து சொல்கிறேன். டீஎஃப் பிளேயர் மினி என்று ஒரு சின்னப் பலகை இருக்கிறது, தபால் முத்திரை அளவு. அதிலேயே மெமரி காட் போடும் இடம் உண்டு, எம்பி3 வாசிக்கும் சில்லு உண்டு, 3 வாட் ஸ்பீக்கர் ஒன்றை ஓட்டக்கூடிய பெருக்கியும் உண்டு. கொழும்பு போகிறவர்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒன்லைனில் எடுக்கலாம். 3.2 முதல் 5 வோல்ட் வரை கொடுத்தால் வேலை செய்யும். அதாவது மூன்று பென்டோர்ச் பற்றரியைத் தொடராகப் போட்டால் 4.5 வோல்ட், கணக்குச் சரி.

பதினாறு கால்கள் உள்ள அந்தப் பலகையில் இந்த வேலைக்கு ஆறு கால்கள் போதும். மின் கொடுக்க இரண்டு, ஸ்பீக்கருக்கு இரண்டு, பொத்தானுக்கு இரண்டு. ஐஓ1, ஐஓ2 என்று குறிக்கப்பட்ட கால்கள் இரண்டிலும் ஒவ்வொரு பொத்தானைப் போட்டு, பொத்தானின் மறுமுனையை மறை முனையோடு சேர்த்துவிடுங்கள். ஒன்றைத் தட்டினால் அடுத்த பாட்டு, மற்றதைத் தட்டினால் முந்திய பாட்டு. அழுத்திப் பிடித்தால் சத்தம் கூடும் அல்லது குறையும். கணினி வேண்டாம், நிரல் எழுத வேண்டாம். மெமரி காட்டில் பாட்டுகளை ஒவ்வொன்றாக, நீங்கள் விரும்பும் வரிசையிலேயே பிரதி செய்யுங்கள். இந்தப் பலகை பெயரின் அகர வரிசையைப் பார்க்காது, எது முதலில் பதியப்பட்டதோ அதைத்தான் முதலாவதாக எடுக்கும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்குகிற கேக்கை விட இதற்குச் செலவு குறைவு. கேக் அன்று இரவே முடிந்துவிடும்.

அந்தப் பெட்டியிலும் பாட்டுகள் வரிசையாகப் போகும்தான். ஆனால் அது நீங்கள் போட்ட பன்னிரண்டு பாட்டின் வரிசை. பதின்மூன்றாவதாக யாரும் உள்ளே நுழைய முடியாது.

அடுத்த படிதான் அட்டைப் பெட்டி. அதே பலகையோடு ஓர் ஆர்டுயினோ நானோவும், ஆர்சி522 என்கிற அட்டை வாசிப்பானும் சேரும். வெள்ளை அட்டை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சில்லு, அதற்கென்று ஓர் இலக்கம். வாசிப்பான் இலக்கத்தைப் படிக்கும், நானோ "இந்த இலக்கத்துக்கு இந்தப் பாட்டு" என்று டீஎஃப் பிளேயருக்குச் சொல்லும், அது ஒரு பாட்டைப் பாடி முடித்துவிட்டுச் சும்மா இருக்கும். செய்யப் போகிறவர்களுக்கு மூன்று குறிப்பு. வாசிப்பானுக்கு 3.3 வோல்ட்தான், 5 வோல்ட் கொடுத்தால் போய்விடும். நானோவிலிருந்து டீஎஃப் பிளேயரின் ஆர்எக்ஸ் காலுக்குப் போகும் வயரில் 1 கிலோ ஓம் தடையி ஒன்றைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும். பெட்டிக்குப் பால்மா டின் வேண்டாம், உலோகத்துக்குள் வைத்தால் அட்டையை வாசிக்காது. ஓடாவியிடம் கழிவாகக் கிடக்கும் பலகைத் துண்டே போதும், கேட்டால் சும்மாவே தருவார். மின்சாரத்துக்குப் பவர் பேங்க் போடலாம். ஆனால் சில பவர் பேங்க், எடுக்கும் மின்னோட்டம் குறைவென்றால் ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். வாங்க முன் மாட்டிப் பாருங்கள்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. ஜேர்மனியில் பெற்றோர்கள் இதே மூன்று பாகங்களைக் கொண்டு டொன்யூனோ என்ற பெயரில் செய்து, நிரலை எவரும் எடுத்துப் பாவிக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். ராஸ்பெரி பையில் செய்கிறவர்களுக்கு ஃபோனிபொக்ஸ் என்று ஒன்று இருக்கிறது.

"இதையெல்லாம் கடையில் ரெடிமேட்டாக விற்கிறார்களே, டொனிபொக்ஸ், யோட்டோ என்று" என வெளிநாட்டில் இருக்கும் ஒரு நண்பர் எழுதியிருந்தார். விற்கிறார்கள், நல்ல சாமான்தான். ஒவ்வொரு பொம்மையையும் அட்டையையும் தனித்தனிக் காசுக்கு வாங்க வேண்டும். நம் சொந்தக் குரலைப் பதியவும் வழி உண்டு, ஆனால் அவர்களது செயலி வழியாக, அவர்களது சேர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து இறக்க வேண்டும். என் உம்மாவின் குரலை என் வீட்டுக்குள் கேட்க இன்னொரு நாட்டுக் கம்பனியிடம் நான் ஏன் அனுமதி கேட்க வேண்டும்?

இப்போது பாதுகாப்பு. இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

சின்னப் பிள்ளையின் கைக்குப் போகும் எந்தச் சாமானிலும் பொத்தான் பற்றரி கூடாது. சீஆர்2032 மாதிரியான, ரூபாக் குற்றி அளவு தட்டைப் பற்றரியைச் சொல்கிறேன். பிள்ளை அதை விழுங்கி அது தொண்டைக் குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் சதையைக் கரித்துவிடும். வெடிக்கவோ கசியவோ தேவையில்லை. ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து அந்த இடத்திலேயே காரம் உண்டாகிறது, சுடுவது அந்தக் காரம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். திருவிழாக் கடையில் தொங்கும் பாட்டுப் புத்தகம், மினுங்கும் பம்பரம் எல்லாவற்றிலும் இந்தப் பற்றரிதான். பல சாமானில் மூடியைப் பிடிக்க ஓர் ஆணி கூட இல்லை. அதை யோசிக்காமல் வாங்கிக் கொடுக்கிறவர்கள் என்னிடம் வந்து, "வீட்டில செய்த சாமான், கறண்ட் அடிக்காதா சேர்?" என்று கேட்கிறார்கள். 4.5 வோல்ட் கறண்ட் அடிக்காது. நீங்கள் வாங்கிக் கொடுத்த பம்பரத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

பழைய லெப்டொப்பிலிருந்து கழற்றிய லித்தியம் பற்றரியும் வேண்டாம். பென்டோர்ச் பற்றரியைப் போட்டு, மூடியை ஸ்குரூ ஆணியால் இறுக்குங்கள். தோளில் மாட்ட நீளக் கயிறு வைக்காதீர்கள், கழுத்தில் சுற்றும். சத்தத்துக்கும் எல்லை வையுங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த அளவின்படி, பிள்ளைகளுக்குக் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்பதென்றால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. பிள்ளை பொத்தானை அழுத்திப் பிடித்துக் கடைசி வரை ஏற்றும், அது பிள்ளையின் சுபாவம். ஸ்பீக்கருக்குப் போகும் ஒரு வயரில் 22 அல்லது 33 ஓம், அரை வாட் தடையி ஒன்றைத் தொடராகப் போட்டுவிட்டால், எவ்வளவு ஏற்றினாலும் பக்கத்து அறைக்குக் கேட்கிற அளவுதான் வரும். இந்தக் கருணை எந்தப் போனிலும் கிடையாது.

இனி, எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் கேள்வி.

"சேர், இசை ஹராம் இல்லயா? மார்க்கம் தெரிந்த நீங்களே இப்படி..." நான் மௌலவி இல்லை, ஃபத்வா சொல்ல வரவில்லை. இசைக் கருவிகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதும், பெரும்பாலானோர் தடை என்ற பக்கம் இருப்பதும் எனக்குத் தெரியும். இமாம் கஸ்ஸாலி தன் இஹ்யாவில் கேட்டல் பற்றித் தனி ஒரு பகுதியே எழுதியிருப்பதும் தெரியும். பெருநாளன்று ஆயிஷா நாயகியின் வீட்டில் இரண்டு சிறுமிகள் பாடிக்கொண்டிருக்க, அபூபக்ர் நாயகம் அதட்டியபோது, விட்டுவிடுங்கள், இது பெருநாள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியில் இருப்பது உங்களுக்கும் தெரியும். அதற்கு மேல் வாதாட எனக்குத் தகுதி இல்லை.

ஆனால் பெட்டிக்குள் என்ன போடுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. கருவி இசை வேண்டாமா, வெறும் குரலில் பாடிய பாட்டைப் போடுங்கள். றபான் சரி என்கிறீர்களா, றபானோடு போடுங்கள். அதுவும் வேண்டாமென்றால் சூறா யாஸீனைப் போடுங்கள், சாப்பாட்டு துஆவைப் போடுங்கள், நபிமார் கதையைப் போடுங்கள். இந்தப் பெட்டியில் நீங்கள் போடாத ஒன்றும் ஒலிக்காது. போனைப் பற்றி அப்படி ஒரு சத்தியம் செய்ய எந்த வாப்பாவால் முடியும்? கிதாபைப் பற்றிக் கமெண்ட் எழுதிவிட்டு, அதே போனை ஓட்டோபிளேயோடு பிள்ளையிடம் கொடுக்கிறோம். அடுத்த வீடியோவில் என்ன இசை, என்ன ஆட்டம் வருமென்று நமக்கே தெரியாது. பேணுதல் பற்றிப் பேசுகிறவர்கள்தான் இந்தப் பெட்டியை முதலில் ஆதரிக்க வேண்டும். இதுவரை ஒருவரும் அந்தப் பக்கத்திலிருந்து யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பாடசாலைகள் பலவற்றில் அழகியல் பாடம் என்றால் சித்திரம் மட்டும்தான். பிள்ளைகள் சேர்ந்து ஓர் இராகத்தில் பாடுவது முன்பள்ளியோடு முடிகிறது. நமக்கு மரபு இல்லையா? கிழக்கில் வயல் வேலையில் பாடிய கவி இருக்கிறது, தொட்டில் ஆட்டும்போது பாடியது இருக்கிறது, பொல்லடி இருக்கிறது, பக்கீர் பைத் இருக்கிறது, கஸீதா இருக்கிறது. இவை எதுவும் யூடியூபில் உங்கள் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் தானாக வரப்போவதில்லை. இவற்றைப் பாடத் தெரிந்தவர்கள் நம் வீட்டு மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். எழுபது, எண்பது வயது. போனை அவர்கள் முன்னால் வைத்துப் பதிவை அழுத்தினால் போதும். வெட்கப்படுவார்கள், "இதென்ன புள்ள கிழட்டுப் பாட்டு" என்பார்கள், இரண்டாம் தரம் கேட்டால் பாடுவார்கள். எங்கள் பிள்ளைகள் இதற்காக வீடு வீடாகப் போனபோது ஒரு மூத்தம்மா பாடி முடித்துவிட்டு, "நான் மௌத்தான பொறகும் இது பாடுமா?" என்று கேட்டாராம். தரம் 10 பிள்ளை என்ன பதில் சொல்லும்? "பற்றரி மாத்தினா பாடும் மூத்தம்மா" என்று சொல்லியிருக்கிறான்.

அட்டை என்பது இதற்குத்தான். கடையில் வாங்கக்கூடிய பாட்டுக்காக மட்டுமென்றால் நான் இவ்வளவு மெனக்கெட மாட்டேன்.

எங்கள் முன்பள்ளியில் ஒரு பிள்ளை இருக்கிறாள். உம்மா குவைத்தில் வீட்டு வேலை. பிள்ளை உம்மம்மாவோடு. குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். உம்மா வேலை முடித்து ஒன்பது மணிக்குப் போனைக் கையில் எடுக்கும்போது இங்கே இரவு பதினொன்றரை, பிள்ளை தூங்கி மூன்று மணித்தியாலம் ஆகியிருக்கும். பிள்ளை விழித்திருக்கிற நேரத்தில் உம்மாவிடம் போன் இருக்காது. வெள்ளிக்கிழமை சில நாள் பேசக் கிடைக்கும். அப்போதும் வீடியோவில் உம்மா அழுவாள், பிள்ளை என்னவென்று விளங்காமல் திரையைத் தட்டும், கவரேஜ் போய்விடும்.

அந்த உம்மாவிடம் நாங்கள் கேட்டது ஆறு குரல் பதிவுகள். காலையில் எழுப்புவது, சாப்பாட்டு துஆ, நரிக்கதை ஒன்று, தொட்டில் பாட்டு, பல் துலக்கச் சொல்வது, பிறகு அவள் விரும்பியது ஏதாவது. வட்ஸ்அப்பில் அனுப்பினாள். வட்ஸ்அப் குரல் ஓபஸ் வகைக் கோப்பு, டீஎஃப் பிளேயர் அதை வாசிக்காது, எம்பி3 ஆக மாற்ற வேண்டும். அதை ஒரு மாணவி செய்தாள். அட்டைக்கு ஒட்டும் படத்தைப் பிள்ளையே கீறினாள். தொட்டில் பாட்டு அட்டைக்கு மஞ்சள் குடை ஒன்று. ஏன் குடை என்று எனக்கு இன்றும் தெரியாது, அவளுக்குத் தெரியும். இப்போது எந்த அட்டை எதுவென்று உம்மம்மாதான் அவளிடம் கேட்கிறார்.

ஆறாவது பதிவில் அந்த உம்மா பேசவில்லை. அரிசி களைகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், தனக்குள் ஏதோ முணுமுணுக்கிறாள். நான்கு நிமிடம். பிள்ளை அதிகம் வைப்பது அந்த அட்டையைத்தான் என்கிறார் உம்மம்மா.

இதைப் பார்த்து ஒருவர், "உம்மாக்குப் பதிலாப் பெட்டியா? பாவம் சேர்" என்று எழுதியிருந்தார். பாவம்தான். அந்த உம்மா போனதற்குக் காரணம் பெட்டி இல்லை. வீட்டுக் கடனும், கூரையில்லாத சுவரும், வேலை கிடைக்காத வாப்பாவும். அதைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் எழுதுங்கள், நானும் வந்து கையொப்பம் வைக்கிறேன். அதுவரை, பிள்ளை கேட்க நினைக்கிற நேரத்தில் உம்மாவின் குரல் கேட்கட்டும். எண்பதுகளில் சவூதி போனவர்கள் என்ன செய்தார்கள் என்று உங்கள் வாப்பாமாரைக் கேளுங்கள். கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றியிருந்து கேட்டார்கள். நாடா நைந்து போகும் வரை திரும்பத் திரும்பப் போட்டார்கள். நாங்கள் வளர்ந்த கசெட் ரெக்கோர்டரின் பெரிய பொத்தானை நாலு வயதில் நாங்களே அழுத்தினோம். இந்தப் பெட்டி அதைத்தான் திருப்பிக் கொடுக்கிறது.

"ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் புள்ளக்கு அலுக்காதா?" அலுக்கட்டும். அலுத்தால் வெளியே போய் விளையாடும். ஆனால் உங்களுக்கு அலுக்கிற வேகத்தில் அதற்கு அலுக்காது. ஒரு கதையை இருபதாம் தரம் கேட்கும்போதுதான், நரி வாயைத் திறக்க முன்னால் பிள்ளை நரியின் வசனத்தைச் சொல்லும். சொல் நாக்கில் ஏறுவது அப்படித்தான். தரம் 1க்கு வருகிற பிள்ளைகள் பலர் கார்ட்டூன் ஹிந்தியும் கார்ட்டூன் ஆங்கிலமும் கலந்து இரண்டு சொல் பேசுகிறார்கள், முழு வசனம் ஒன்று வராது என்று எங்கள் ஆரம்பப் பிரிவு டீச்சர்மார் ஒவ்வொரு தவணையும் சொல்லிக் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலைக்கு நாம் இதுவரை கொடுத்த பதில் இன்னொரு செயலி.

கடைசியாக, பெரிய பிள்ளைகளைப் பற்றி. "ஓ/எல் வருது, பாஸ் பேப்பர் செய்ய வேண்டிய நேரத்தில்..." என்று இழுக்கிறார்கள். வடிவமைப்பும் மின், இலத்திரனியல் தொழினுட்பவியலும் என்று முழ நீளத்துக்குப் பெயர் வைத்த பாடத்தை, சோல்டர் கோலைக் கையால் தொடாமலே படித்து ஏ எடுத்த பிள்ளைகள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். திரான்சிஸ்டரின் குறியீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள், கையில் கொடுத்தால் எது சேகரிப்பான் கால் என்று தெரியாது. செயற்றிட்டம் என்றால் கடையில் செய்து விற்கிற மாதிரியை வாப்பா வாங்கி வருவார். நாங்களும் புள்ளி போடுவோம். எல்லோருக்கும் இது தெரியும், யாரும் பேசுவதில்லை.

இந்தப் பெட்டி செய்த பிள்ளைகளுக்கு, தொடர் இணைப்பில் தடையி போட்டால் மின்னோட்டம் குறையும் என்பதை இனி நான் படிப்பிக்கத் தேவையில்லை. தடையி போட முன்னும் போட்ட பின்னும் காதால் கேட்டார்கள். தவிர, அவர்கள் செய்த சாமானைப் பாவிக்கப் போவது பரீட்சகர் இல்லை, ஒரு மூன்று வயதுப் பிள்ளை. அது நிலத்தில் போட்டு அடிக்கும், தண்ணீர் ஊற்றும், வாயில் வைக்கும். அதனால் சோல்டர் இறுக்கமாக இருக்க வேண்டும், மூலை வழவழப்பாக இருக்க வேண்டும். கூரான மூலையை மண்தாளால் தேய்த்துத் தேய்த்து, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்த ஒரு மாணவன் இருக்கிறான். அதற்குப் புள்ளித் திட்டத்தில் இடம் இல்லை.

"பொம்புளப் புள்ளயளுக்கு எதுக்கு சோல்டர்?" என்று கேட்டவருக்குத் தனியாக ஒரு வரி. எங்கள் வகுப்பில் மிகச் சுத்தமான சோல்டர் மூன்று மாணவிகளுடையது. மூன்று பேரும் வீட்டில் தையல் மெஷின் மிதிக்கிறவர்கள். ஊசிக்கு நூல் கோர்க்கிற கைக்கு 0.8 மில்லிமீற்றர் ஈயக் கம்பி பெரிய விசயமில்லை.

இந்தத் தவணைக்குள் முன்பள்ளிக்கு இன்னும் எட்டுப் பெட்டி செய்ய வேண்டும். காசு கேட்கவில்லை, காசு கொண்டு வராதீர்கள். வேண்டியவை: பழுதான ரேடியோ, பழைய டீவி ஸ்பீக்கர், பலகைத் துண்டு, வெளிநாட்டில் இருக்கும் உம்மா வாப்பாமாரின் குரல், பாடத் தெரிந்த மூத்தம்மாமாரின் வீட்டு விலாசம். ரேடியோவின் ஸ்பீக்கர் நல்லதா என்று தெரியாவிட்டால், ஒரு டோர்ச் பற்றரியின் இரண்டு முனையையும் வயரால் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். "டக்" என்று சத்தம் வந்தால் பாடசாலைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். தரம் 10க்கு என்று சொன்னால் அவருக்குத் தெரியும்.